மூலை அறைக்கு முன்பணம்

சுன்யானி,
11 மார்ச் 1994

அன்புத் தங்கை கொனாடுவுக்கு,

நான் நலம். பிள்ளைகளின் இருமல் நின்றதா?

அம்மா நம் இருவர் பெயருக்கும் எழுதிவைத்த வீட்டின் மேல் மாடி கட்டி, அதையும் வாடகைக்கு விடலாம் என்கிறாய். நல்லதுதான். வங்கியில் சின்னக் கடனாக வாங்குவோம், என் ஆசிரியர் சம்பளத்தில் நான் அடைக்கிறேன். நீயோ குடிவருகிறவர்களிடம் மூன்று வருட வாடகையை முன்பணமாக வாங்கிக் கட்டலாம் என்கிறாய். அது விதைநெல்லைக் குத்தித் தின்கிற வேலை. சரி, உன் இஷ்டம்.

ஒன்றுதான் கேட்கிறேன். அம்மாவின் மூலை அறையை மட்டும் யாருக்கும் விடாதே. என் கணவர் இன்னொருத்தியைக் கூட்டிவந்து முன்னறையில் வைத்திருக்கிறார். நான் எந்த நாளிலும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அங்கே வர வேண்டியிருக்கும்.

உன் அக்கா,
செர்வா

குமாசி,
2 ஏப்ரல் 1994

என் அக்காவுக்கு,

வங்கிக்காரன் வட்டி நம் எலும்பையும் விடாது. குடிவருகிறவன் வட்டியா கேட்கிறான்? கீழே மற்ற மூன்று அறைகளுக்கும் முன்பணம் வாங்கிவிட்டேன், சிமெண்டும் கம்பியும் வந்து இறங்கிவிட்டன. நம் தெருவில் எல்லோரும் இப்படித்தான் கட்டுகிறார்கள். பள்ளிக்கூடத்துப் பலகையில் நீ போடும் கணக்கு இங்கே எடுபடாது.

மூலை அறைச் சாவி என் இடுப்பில் இருக்கிறது, கவலைப்படாதே. அத்தானோடு கொஞ்சம் அனுசரித்துப் போயேன்.

உன்
கொனாடு

சுன்யானி,
19 செப்டம்பர் 1994

அன்புள்ள கொனாடு,

நேற்று அந்த முன்னறைக்காரி என் அடுப்பில் பானையை ஏற்றினாள். அவர் பார்த்துக்கொண்டே நின்று, "உனக்குத்தான் குமாசியில வீடு இருக்கே, அப்புறம் என்ன?" என்றார். ஆமாம், இருக்கிறது என்று நிமிர்ந்து சொன்னேன். சொல்லும்போது எனக்கே பெருமையாக இருந்தது.

டிசம்பரில் வந்துவிடுகிறேன். அறையைக் கழுவி வை. அம்மாவின் கட்டிலுக்குக் கொஞ்சம் வெயில் காட்டு.

உன் அக்கா,
செர்வா

குமாசி,
3 அக்டோபர் 1994

அன்பு அக்கா,

கோபப்படாமல் படி. மேல்மாடிச் சுவர் எழும்பிவிட்டது, ஆனால் கூரைத்தகரம் விலை இரண்டு மடங்காகிவிட்டது. சுவர் மழையில் நனைகிறது. அப்போதுதான் துணி வியாபாரம் செய்கிற அஃப்ரியே என்பவள் வந்தாள். "அஞ்சு வருஷ வாடகையையும் இப்பவே எண்ணி வைக்கிறேன், அந்த மூலை ரூமைக் குடு" என்றாள். கொடுத்துவிட்டேன்.

அந்தப் பணமும் போதவில்லை. வீடு நிறைய ஆள், மாதம் பிறந்தால் கையில் ஒரு சேடிக் காசுகூட இல்லை. வருடக்கணக்கில் யாரிடமும் வாடகை கேட்க முடியாது. நீ சொன்ன வங்கிக் கடனையே வாங்கிவிடுவோம். வீட்டை ஈடு வைக்க உன் கையெழுத்து வேண்டும்.

டிசம்பரில் வா. கூடத்தில் பாய் போட்டுத் தருகிறேன். கட்டிலை அஃப்ரியே கேட்டாள், அது அங்கேயே கிடக்கிறது.

உன்
கொனாடு

சுன்யானி,
28 நவம்பர் 1994

கொனாடு,

இங்கேயே ஓர் அறை பிடித்துவிட்டேன். சொந்தக்காரர் இரண்டு வருட முன்பணம் கேட்டார். அவரும் மாடி கட்டுகிறார். என் பணம் அவருடைய படிக்கட்டுக்குப் போயிருக்கும்.

பணம் ஏது என்பாய். இந்த ஊர்ச் சந்தைக்கு வந்த அஃப்ரியே, விசாரித்துக்கொண்டு என் பள்ளிக்கூடத்துக்கே வந்தாள். "அது உங்க ரூம்னு தெரியாதுக்கா, பக்கத்து ரூம்காரங்க சொல்லித்தான் தெரிஞ்சுது. உங்க தங்கச்சி சொல்லவே இல்ல" என்றாள். அவள் சொன்னபோதுதான் எனக்கு அழுகை வந்தது. உன் கடிதத்தைப் படித்தபோதுகூட அழவில்லை.

நீ கேட்ட கையெழுத்தை வேறு பத்திரத்தில் போட்டுவிட்டேன். வீட்டில் என் பாதியை அவளுக்கு விற்றுவிட்டேன். அவள் பேரம் பேசவில்லை. உன்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும்தான், அறையை விடுவதற்கு முன் நீ என்னிடம் கேட்ட மாதிரி.

பிள்ளைகளுக்கு இருமல் திரும்பினால் இஞ்சிச்சாறு கொடு. ஈடு வைப்பதென்றால் இனி அஃப்ரியேதான் கையெழுத்துப் போட வேண்டும். மூலை அறைக் கதவைத் தட்டி, அவள் வரச்சொன்ன பிறகு உள்ளே போ.

செர்வா