நாற்பது வரை எண்ணச் சொன்னேன், புஷ்பம்

என் புஷ்பம்,

நலமா என்று கேட்க வாய் வருகிறது. பிறகு நினைத்தால் எனக்கே சிரிப்பாக இருக்கிறது. முப்பது வருடம் அடுத்தவர் நோவைப் பார்த்தவள் நீ. போன இடத்திலாவது உனக்கு டியூட்டி போடாமல் இருக்கட்டும். நான் மஸ்கட் ரூவியில் அதே ஃபிளாட்டில்தான் இருக்கிறேன். அடுக்களை ஜன்னலில் நீ ஒட்டிய மாதா படம் வெயிலில் வெளுத்துப்போய்விட்டது, ஆனாலும் மாற்ற மனம் வரவில்லை.

நீ போய் இரண்டு வருடமாகிறது. ஒரு வரி எழுதாதவன் இப்போது உட்கார்ந்து எழுதுகிறேன் என்றால் காரணம் நம் ஜெனிபா. பதறாதே, பிள்ளை நன்றாக இருக்கிறாள். உனக்கு எதையும் முதலில் முடிவைச் சொல்லிவிட்டுத்தான் கதையைச் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியாதா?

அவளும் உன்னைப் போலவே நர்ஸ் ஆகி, இப்போது கனடாவில், சஸ்காட்சுவான் என்கிற இடத்தில் ஒரு சின்ன ஊர் ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். எங்கே பார்த்தாலும் கோதுமை வயலாம், குளிர்காலத்தில் எங்கே பார்த்தாலும் பனியாம். வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்கு இருபத்தைந்து கிலோமீட்டர். பஸ் கிடையாது. வண்டி ஓட்டத் தெரியாவிட்டால் அந்த ஊரில் வேலையும் கிடையாது என்று வைத்துக்கொள்.

வண்டி வாங்க வேண்டும் என்றதும் உன் வீட்டுக்காரன் சும்மா இருப்பானா? இருபத்தாறு வருடமாக மஸ்கட் வெயிலில் என்ஜினுக்குள் தலையை விட்டுக் கிடப்பவன். பெரிய வண்டியாக எடு, நாலு வீலும் இழுக்கிற வண்டியாக எடு என்று வாட்ஸ்அப்பில் பத்துப் படம் அனுப்பினேன். அவள் ஒரு சின்ன செகண்ட்ஹேண்ட் காரைக் காட்டினாள். "நாலு வீலும் இழுக்கும்பா, ஆனா நாலு வீலும் வழுக்கினா என்ன பண்ண? இங்க எல்லாரும் முதல்ல விண்டர் டயரைத்தான் பாக்கச் சொல்லுறாவ" என்றாள். "டயர் டயர்தான் மக்களே, வட்டமா இருந்தா சரி" என்று சொல்லிவிட்டேன். வாங்கும்போது வண்டியில் கிடந்த சாதா டயரோடே ஓட்டினாள். அப்பா சொன்னாரே என்றுதான்.

இன்னொரு கூத்தையும் கேள். வீடியோவில் வண்டியைச் சுற்றிக் காட்டும்போது முன்பக்கக் கிரில்லிலிருந்து ஒரு பிளக் தொங்கிக்கொண்டிருந்தது. "எவனோ வேலை தெரியாதவன் ஒயரை வெளியே விட்டிருக்கான், உள்ளே தள்ளி டேப் சுத்து" என்றேன். அவளும் அப்படியே செய்தாள். அது என்ஜினைச் சூடாக்குகிற ஹீட்டர் என்று பிறகுதான் தெரிந்தது. இரவெல்லாம் சுவரில் செருகி வைத்தால்தான் காலையில் வண்டி எழும்புமாம். நாம் இங்கே என்ஜின் சூட்டைத் தணிக்கப் படாத பாடு படுகிறோம், அங்கே அதைச் சூடாக்கக் கரண்ட் கொடுக்கிறார்கள். நீ இருந்திருந்தால் ஒரு வாரத்துக்கு என்னைச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருப்பாய்.

போன மாதம் அங்கே முதல் பெரிய பனி. எனக்கு சாயங்காலம் நாலு மணி, அவளுக்குக் காலை ஆறு. கராஜில் இருக்கும்போது போன் வந்தது. வீட்டு முன்னால் வண்டி பனியில் புதைந்துவிட்டது, வீல் சும்மா சுற்றுகிறது, டியூட்டிக்கு நேரமாகிறது என்று பதறினாள். எனக்கு அதைக் கேட்டதும் பயமே வரவில்லை புஷ்பம், உள்ளுக்குள் ஒரு சந்தோஷம்தான் வந்தது. புதைந்த வண்டியை எடுப்பது நமக்குத் தெரிந்த வேலையல்லவா?

வஹீபா பாலைவன மணலில் நாம் சர்ச் ஆட்களோடு போனது ஞாபகம் இருக்கிறதா? மணலுக்குள் இறங்குவதற்கு முன்னால் எல்லாரும் குனிந்து டயரில் காற்றை இறக்குவோம். அளவுமானியைத் தேடுபவன் புதுசாக வந்தவன். பழைய ஆட்கள் சாவி முனையால் வால்வை அழுத்திக்கொண்டு நாற்பது வரை எண்ணுவார்கள், கலாஸ், முடிந்தது, காற்று பதினெட்டு பி.எஸ்.ஐ.யில் வந்து நிற்கும். டயர் சப்பையாகி மணல்மேல் மிதக்கும். மறுபடி தார்ரோடு ஏறியதும் முதல் பெட்ரோல் பங்கில் காற்றை நிரப்பிக்கொள்வோம். அதையே அவளுக்கும் சொன்னேன். "ஒவ்வொரு டயருக்கும் நாப்பது எண்ணு மக்களே, மெதுவா எடு, நேரா பங்குக்குப் போய் காத்தடிச்சுக்க."

வண்டி வெளியே வந்துவிட்டது! சும்மா சொல்லக்கூடாது, அன்று என் கால் தரையில் படவில்லை. மீன் குளிர்பதனக் கிடங்கில் சூப்பர்வைசராக இருக்கும் நம் சிலுவையைக் கூப்பிட்டு, கனடாக்காரனுக்கே நான்தான் வண்டி எடுத்துக் கொடுத்தேன் என்று அரைமணி நேரம் பீற்றிக்கொண்டேன்.

இரண்டு நாள் கழித்துத்தான் பிள்ளை உண்மையைச் சொன்னாள். பங்குக்குப் போகிற வழியில் ஒரு வளைவில் வண்டி அவள் பேச்சைக் கேட்காமல் வால் வீசிப்போய் ரோட்டோரப் பள்ளத்தில் இறங்கிவிட்டது. பின்னால் டிராக்டரில் வந்த ஒரு விவசாயி கயிறு கட்டி இழுத்துவிட்டார். அவளுக்கு ஒரு கீறல்கூட இல்லை. மாதா காப்பாற்றினாள்.

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? நல்லா இருக்கியா மக்களே என்றுதானே கேட்டிருக்க வேண்டும்? உன் வீட்டுக்காரன் என்ன சொன்னான் தெரியுமா? "வளைவுல பிரேக் பிடிச்சிருப்ப! எத்தனை தடவை சொல்லிருக்கேன்!" கராஜே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினேன். பயத்தில் கத்தினேன் என்று இப்போது சொல்லலாம். அவள் காதில் விழுந்தது கத்தல் மட்டும்தானே.

பிறகு, "சரிப்பா, எனக்கு ஓட்ட வராது போல. இனிமே வண்டிப் பேச்சு வேண்டாம்" என்றாள். கூட வேலை பார்க்கிற பெண்ணின் காரில் போகிறாள் என்றும், அந்தப் பெண் மார்ச்சில் வேறு ஊர் போய்விடுவாள் என்றும், அதற்குப் பிறகு டொரண்டோ பக்கம் பஸ் ஓடுகிற ஊரில் வேலை தேடப்போவதாகவும் மெசேஜில் எழுதினாள். ஆசைப்பட்டுச் சேர்ந்த வேலை அது. பிரசவ வார்டு, உன் வார்டு.

"எனக்கு ஓட்ட வராது போல." இந்த வார்த்தையை நான் முன்னாலேயே கேட்டிருக்கிறேன். ரூவி கிளாக்டவர் ரவுண்டானாவில், பக்கத்து சீட்டில் நான், ஸ்டியரிங்கில் நீ. டிரம்களுக்கு நடுவே ரிவர்ஸ் எடுக்கிற டெஸ்டை முதல் தடவையிலேயே பாஸ் பண்ணிய கெட்டிக்காரி. ரோடு டெஸ்டுக்குப் பழகும்போது வண்டி ரவுண்டானா நடுவில் நின்றுவிட்டது, பின்னால் நாற்பது பேர் ஹாரன் அடிக்கிறான், அவனையெல்லாம் விட நான்தான் சத்தமாகக் கத்தினேன். "கத்தாதீய, நீங்க கத்துனா எனக்கு கை எது கால் எதுன்னு தெரிய மாட்டேங்கு" என்றாய். பிறகு இறங்கி, அந்தப் பக்கம் சுற்றிவந்து, என்னை ஓட்டச் சொன்னாய். அதற்கப்புறம் நீ ஸ்டியரிங்கைத் தொடவே இல்லை. முந்தின நாள் நான் கிளட்சைச் சரியாகச் செட் பண்ணாமல் விட்டதுதான் வண்டி நின்றதற்குக் காரணம் என்று மறுநாள் எனக்குத் தெரிந்தது. உன்னிடம் சொல்லவில்லை. விழுந்தும் மீசையில் மண் ஒட்டாத ஆள் இல்லையா நான்?

இந்தத் தடவை விட மனசில்லை. எனக்கு ஒரு விஷயம் இடித்துக்கொண்டே இருந்தது. பதினெட்டுக் காற்றில் மெதுவாகப் போகிற வண்டி அப்படி வால் வீசாதே? பனியைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? மஸ்கட்டில் பனிக்கு நான் எங்கே போவேன்? அப்போதுதான் சிலுவையின் கிடங்கு நினைவுக்கு வந்தது.

ஒரு டயரை ரிம்மோடு, முப்பத்துமூன்று காற்று அடித்து, ஒரு பழைய பேட்டரி, கண்ணாடி கழுவுகிற தண்ணீர் ஒரு பாட்டில் எல்லாம் எடுத்துக்கொண்டு போனேன். சிலுவை என்னை ஏற இறங்கப் பார்த்தான். "ஓய் அண்ணாச்சி, உமக்குக் கிறுக்கா? நெய்மீனுகூட டயர ஏன் படுக்க வைக்கீரு?" என்றான். விஷயத்தைச் சொன்னதும் வாயை மூடிக்கொண்டு தன்னுடைய குளிர்ச்சட்டையைக் கழற்றிக் கொடுத்தான். மைனஸ் இருபது. மீன்பெட்டிகளுக்கு நடுவே டயரை வைத்துக் கதவைச் சாத்தினோம்.

மறுநாள் மதியம் உள்ளே போனேன். தண்ணீர் உறைந்து பாட்டில் வெடித்திருந்தது. பேட்டரியில் பல்பை மாட்டினால் மினுக்கியது, அவ்வளவுதான். டயர் ரப்பரை விரலால் அழுத்தினால் கல். வட்டமா இருந்தா சரி என்று சொன்ன வாயில் மண்ணைப் போட! காற்றை அளந்தேன். யாரும் தொடவில்லை, ஓட்டை இல்லை, முப்பத்துமூன்று இருபத்தைந்தாக இறங்கியிருந்தது. குளிரே எட்டைத் தின்றுவிட்டது. சாவி முனையை வால்வில் வைத்து, நான் பிள்ளைக்குச் சொன்ன மாதிரியே வாய்விட்டு நாற்பது வரை எண்ணினேன். மறுபடி அளந்தேன். பத்து.

நம் எண்ணிக்கை வெயிலில் சுட்டுப் பொங்கிய டயருக்கு. முப்பத்தெட்டில் இருப்பதைப் பதினெட்டுக்குக் கொண்டுவருகிற எண்ணிக்கை. ஏற்கெனவே குளிரில் சுருங்கிக் கிடந்த டயரில் என் பிள்ளை அதே நாற்பதை எண்ணியிருக்கிறாள். கிட்டத்தட்ட காற்றே இல்லாத நாலு கல் டயரில், பனிமேல், தனியாகப் போயிருக்கிறாள். அந்தப் பெட்டிகள்மேல் உட்கார்ந்து அழுதேன் புஷ்பம். சிலுவை வந்து, "யானைக்கும் அடி சறுக்கும் அண்ணாச்சி, வெளியே வாரும், உறைஞ்சிருவீரு" என்று கையைப் பிடித்து இழுத்துவந்தான்.

அன்று சாயங்காலமே கூப்பிட்டேன். "வண்டிப் பேச்சுன்னா வேண்டாம்பா" என்றுதான் எடுத்தாள். "ஒரே ஒரு பேச்சுதான் மக்களே. தப்பு என்மேல. நீ பிரேக் பிடிச்சதுனால இல்ல. நான் சொன்ன எண்ணிக்கை தப்பு. டயர் விஷயத்துலயும் நீ சொன்னதுதான் சரி. அப்பாவை மன்னிச்சிரு" என்றேன். சொல்லிமுடிப்பதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது. பிறகு, "அப்பா, நிஜமாவே மீன் ரூமுக்குள்ளயா டயரைக் கொண்டு வச்சீங்க?" என்றாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. இரண்டும்தான்.

அப்புறம் வண்டியைப் பனிக்குத் தயார்செய்தோம். இந்தத் தடவை அவள் சொல்ல நான் எழுதிக்கொண்டேன். பக்கவாட்டில் மலையும் பனிப்பூவும் முத்திரை போட்ட விண்டர் டயர் நாலு. உறையாத நீலத் தண்ணீர் கண்ணாடி கழுவ. புது பேட்டரி. ஹீட்டர் பிளக்கை நான் டேப் சுற்றி மறைக்கச் சொன்னேனே, அதைப் பிரித்து வெளியே எடுத்துவிட்டாள். காலையில் குளிரிலேயே காற்றை அளக்க வேண்டும், அளவுமானியால்தான், எண்ணியல்ல. டிக்கியில் கம்பளி, மண்வெட்டி, அப்புறம் ஒரு மூட்டை மணல். மணல் புஷ்பம்! வழுக்கினால் வீலுக்கு அடியில் அதைத்தான் தூவுவார்களாம். "ஒமான்ல இருந்து கொண்டு வாரேன்" என்றேன், "வாங்க முதல்ல" என்றாள்.

போன ஞாயிற்றுக்கிழமை அவள் வண்டியை எடுத்தாள். அவள் சர்ச்சுக்குப் பின்னால் ஒரு பெரிய காலி மைதானம், முழங்கால் பனி. போனை முன்னால் மாட்டிவைத்திருந்தாள். வண்டி கிளம்பியது, திரும்பியது, ஒரு இடத்தில் வால் லேசாக வீசியது. கத்தல் தொண்டை வரைக்கும் வந்தது. ரூவியில் நம் கட்டிலில் உட்கார்ந்து இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டேன். அவள் மெதுவாக நிமிர்த்தினாள். பிறகு அவள் குரல் வந்தது.

"அப்பா? லைன்ல இருக்கீங்களா? சத்தமே காணோம்."

"இருக்கேன் மக்களே" என்றேன். "நீ ஓட்டு."

இவ்வளவுதான் புஷ்பம், இரண்டு வார்த்தை. கிளாக்டவர் பக்கத்தில் உன்னிடம் சொல்ல வேண்டியது இதைத்தான். உன்மேல் தப்பில்லை, கிளட்ச் என் கைவேலை. அன்று கத்தியது ரூவி முழுக்கக் கேட்டது. அதனால் இந்தக் கடிதத்தை நம் சர்ச் மலரில் போடக் கொடுக்கிறேன், இதுவும் எல்லாருக்கும் கேட்கட்டும்.

பிப்ரவரியில் லீவு எழுதியிருக்கிறேன், விசா வந்துவிட்டது. அங்கே அவளுடைய பக்கத்து சீட்டில் உட்காருவேன். வண்டி எப்படி வழுக்கினாலும், என்ன ஆனாலும், என் வாயிலிருந்து சத்தம் வராது. உனக்கு வாக்குக் கொடுக்கிறேன். என்னை நம்பாவிட்டால், நீ பின்சீட்டில் வந்து உட்கார்ந்து பார்த்துக்கொள்.

உன் வீட்டுக்காரன்,
ஜெனிபாவின் அப்பா

ரூவி, மஸ்கட்