மரியத்தோடு பார்த்த கடற்காகம்

என் உயிரான பார்வதி அக்கா,

தோ பாயோவில் நமக்கு வீடு கிடைத்துவிட்டது. ஏழாவது மாடி. சிராங்கூன் ரோட்டுக் கடைவீட்டு மாடியில் இடித்துக்கொண்டு படுத்த நமக்கு இப்போது காற்று கொட்டுகிறது. அம்மாதான் பயந்துகொண்டு சன்னல் பக்கமே போகமாட்டேன் என்கிறாள்.

ஆனால் நான் எழுத உட்கார்ந்தது வேறு விஷயத்துக்காக. போன ஞாயிறு பொங்கோல் சேற்றுக்கரைக்குப் போனேன். யாரோடு தெரியுமா? உன் சிநேகிதி மரியத்தோடு.

அந்தப் பெயரைக் கேட்டு எத்தனை வருஷம் எனக்கு வயிறு எரிந்திருக்கிறது! வாரம் முழுக்க இரண்டு பேரும் ஒரே பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்துவீர்கள். அது போதாதென்று ஞாயிறு விடிந்ததும் பறவை பார்க்கக் கிளம்பிவிடுவீர்கள். "நானும் வரேன்க்கா" என்றால், "உனக்கு வெயில் ஒத்துக்காதுடி" என்பாய். மத்தியானம் புடவை ஓரத்தில் சேறும் முகத்தில் சிரிப்புமாகத் திரும்புவாய். எதற்குச் சிரித்தாய் என்று ஒருநாளாவது சொன்னாயா?

நீ காய்ச்சலில் கண்ணை மூடியபின் மரியம் நம் வீட்டுப் பக்கமே வரவில்லை. போன வாரம்தான் வந்து நின்றாள். கழுத்தில் உன் பைனாகுலர். எனக்குச் சுருக்கென்றது.

"மார்ச்சு வந்துருச்சு சரோஜா. பறவையெல்லாம் வடக்கே கிளம்பிரும். என்னால தனியா போக முடியல. நீ வர்றியா?"

அவளுக்காக இல்லை, அந்த பைனாகுலருக்காகத்தான் போனேன்.

கடல் உள்வாங்கிக் கிடந்தது. உள்ளான்கள் சேற்றைக் குத்தியபடி ஓடின. உப்புக்கொத்திகளுக்கு நெஞ்சு செம்மண் நிறமாக மாறியிருந்தது. ஊருக்குப் போகுமுன் போட்டுக்கொள்ளும் புதுச்சட்டை என்பாயாம் நீ. மரியம் சொன்னாள். ஒருமுறை முழங்கால்வரை புதைந்து, செருப்பைத் தொலைத்து, வெறுங்காலோடு பஸ் ஏறினாயாமே? வீட்டில் செருப்பு அறுந்துவிட்டது என்றுதானே சொன்னாய்? என் அக்காவைப் பற்றி இன்னொருத்தி எனக்குச் சொல்லித்தரவேண்டுமா?

அப்போது ஆலாப் பறவைக் கூட்டத்துக்கு நடுவே, அவற்றைவிடப் பெரிதாக ஒன்று வந்திறங்கியது. வெள்ளை உடம்பு, சாம்பல் இறக்கை, தலையில் திட்டுத்திட்டாய்ப் பழுப்பு.

"பார்வதி! பாரு லா, கடற்காகம்!" என்று மரியம் கத்தினாள்.

கத்தியவள் வாயைப் பொத்திக்கொண்டு அந்த ஈரத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். "அவ எத்தனை மார்ச்சு காத்திருந்தா தெரியுமா? ஒன்னுகூட வரலயே" என்று அழுதாள். நம் வீட்டில்கூட யாரும் உனக்காக அப்படி அழவில்லை அக்கா. அதற்கும் எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது. ஆனாலும் அவள் தோளைப் பிடித்துத் தூக்கிவிட்டேன்.

பிறகு பைனாகுலரை வாங்கி, அது பறந்து மறையும்வரை பார்த்தேன். நீ பார்க்காததை நான் பார்த்துவிட்டேன். இந்த ஒருமுறை நீ என்னைப் பார்த்துப் பொறாமைப்படு.

திரும்பும்போது பஸ்ஸில் மரியம் கேட்டாள்: "டீச்சர் டீச்சர்ங்கிறியே, அக்கான்னு கூப்பிடக் கூடாதா?"

"முடியாது" என்றேன்.

அவள் கோபித்துக்கொள்ளவில்லை. "சரி லா" என்று என் கையைத் தட்டிக்கொடுத்தாள்.

அடுத்த மார்ச்சிலும் போவேன் அக்கா. அவளை அந்தக் கரையில் தனியாக நிற்க விடமாட்டேன். ஆனால் அந்த ஒரு சொல்லை மட்டும் யாருக்கும் கொடுக்கமாட்டேன்.

இப்படிக்கு,
உன் ஒருத்திக்கு மட்டுமே தங்கையான
சரோஜா