தகரக் கூரை பிரிந்த சேதி

அன்புள்ள மகனுக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் சாப்பிட்டு, தூங்கி, சண்டை போட்டுக்கொண்டு சுகமாகவே இருக்கிறோம், நீயும் சுகமென்று எழுது. முதலில் பிள்ளைகள் சேதி. உன் தங்கை மகன் லாரி ஓட்டும் லைசென்ஸ் வாங்கிவிட்டான். உன் சின்னவன் ஓட்டப்பந்தயத்தில் முதலாவது, செருப்பு அறுந்தும் நிற்கவில்லையாம். உன் மூத்தவள் கல்லூரியில் செய்த வெள்ளைப் பொடிக்குப் பரிசு வாங்கியிருக்கிறாள். கண்ணுக்கே தெரியாத நுண்ணிய துகளாம், வெளிச்சம் பட்டால் விழித்துக்கொண்டு தண்ணீரில் கலந்த சாயத்தைச் சிதைத்துவிடுமாம். ஐந்தாம் வகுப்போடு நின்ற நான் நம்பமாட்டேன் என்றதும், அடுப்படியிலேயே ஒரு விளக்கை வைத்துச் செய்து காட்டினாள், நீலத் தண்ணீர் வெளுத்துவிட்டது.

இனி உட்கார்ந்து படி. கழிவு தெளியும்வரை திறக்கக்கூடாது என்று சாயப்பட்டறையை அதிகாரிகள் பூட்டிவிட்டார்கள். தெருக் கிணற்றில் சாயம் இறங்குகிறது என்று சொன்னதற்கு உன்னை வேலையைவிட்டுத் துரத்தி, மறுவாரமே கழிவுத் தொட்டிக்கு மேல் தகரக் கூரை போட்டு, நிழலைப் பார்த்துச் சாயம் என்கிறான் என்று உன்னைப் பொய்யனாக்கினானே, அந்த முதலாளி பொடி கேட்டு நம் வாசலில் வந்து நின்றான். உன் மகள் வாய் திறக்குமுன் நான் முந்திக்கொண்டேன், கூரையை முழுக்கப் பிரித்து வெயில் விட்டால்தான் பொடி வேலை செய்யும் என்றேன். தெருவே பார்க்குமே பெரியம்மா என்று இழுத்தான். அப்ப பூட்டு தொங்கட்டும் என்றேன்.

அவன் போனதும் உன் மகள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள், விளக்கு வைத்தாலும் நடக்குமே, ஏன் பாட்டி பொய் சொன்னீங்க என்றாள். உங்கப்பாவைப் பொய்யன்னவனுக்கு நான் ஒண்ணே ஒண்ணுதான் சொன்னேன் என்றேன். பிறகு தகரம் பிரிப்பதைப் பார்க்க எனக்கு முன்னால் போய் நின்றாள். கீழே செக்கச்செவேலென்று கழிவு, கிணற்றுப் பக்கத்துச் சுவரில் நீ சொன்ன அதே வெடிப்பு. அன்று உன்னைப் பார்த்துச் சிரித்தவர்களே எட்டிப் பார்த்துவிட்டு அவனைக் காறித் துப்பாத குறையாகத் திட்டினார்கள். இது எந்த நிழல் முதலாளி என்று கேட்டேன். பொடி போட்டதில் தண்ணீர் தெளிந்து வருகிறது, நல்லதுதான், என் ஆத்திரம் மட்டும் அடங்கவில்லை.

வேளைக்குச் சாப்பிடு, ஈரத் தலையோடு படுக்காதே, நூறு வயசு நன்றாக இரு. மறக்காமல் ஒரு புதுப் போட்டோ எடுத்துத் தபாலில் அனுப்பு. கூடத்தில் மாட்டியிருப்பதில் நீ மெலிந்துபோய்ப் பயந்தவன் மாதிரி நிற்கிறாய். பொடி வாங்க வரும்போதெல்லாம் அவன் அதற்கு எதிர் நாற்காலியில்தான் உட்கார வேண்டும். நல்ல சட்டை போட்டு, பல் தெரியச் சிரித்து, பெரிய படமாக எடு.

இப்படிக்கு,
உன் அம்மா