கேரியர் வைத்த மலைச் சைக்கிள்

மஸ்கட்
6-2-1988
மாதா துணை

அன்புள்ள லூர்தம்மாளுக்கு யாகப்பன் எழுதுவது. இங்கே நான் சுகம். அம்மாவுக்கு இருமல் நின்றதா? நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா?

எங்கள் இஞ்சினியர் ஊர் திரும்பும்போது தன் மலையேறும் சைக்கிளை எனக்குக் கொடுத்துவிட்டார். டயர் டிராக்டர் டயர் மாதிரி இருந்ததால் தார் ரோட்டில் மிதிக்கவே முடியவில்லை. வழவழப்பான ஒல்லி டயர் மாற்றி, மட்கார்டும் கேரியரும் போட்டேன். இப்போது வேலைக்கு அதில்தான் போகிறேன்.

வெள்ளிக்கிழமை ஏறும்போது கால் பாரில் மாட்டி விழுந்துவிட்டேன். முழங்காலில் சிராய்ப்புதான், அம்மாவிடம் சொல்லாதே. கூடத் தங்கியிருக்கும் பென்னாகரத்து மாயவன் தூக்கிவிட்டுச் சிரித்தான்.

"எல்லாரும் காலைப் பின்னாடி வீசி ஏறுவாங்க. நீ எதுக்குப்பா முன்னாடி தூக்கிப் போடற? கேரியர்ல யாரு உக்காந்திருக்கா?"

காரிமங்கலம் சந்தைக்குப் போகும்போது, ஓடிவந்து ஏற நீ பயப்படுவாய் என்று முதலில் உன்னை உட்காரவைத்துவிட்டுத்தானே ஏறுவேன்? அந்தப் பழக்கம் காலை விட்டுப் போகவில்லை.

மாயவன் அடுத்த மாதம் லீவில் வருகிறான். உன் பழைய சேலையில் ஒரு துண்டு கொடுத்தனுப்பு. சீட்டில் சுற்ற என்று அவனிடம் சொல்லியிருக்கிறேன். கேரியரில் சுற்றத்தான். கம்பி குத்தும்.

டூட்டிக்கு நேரமாகிவிட்டது.

யாகப்பன்