இடம் விட்டு வைத்திருக்கிறேன், அக்கா

அன்புள்ள அக்கா,

இந்த நேரத்தில் எழுதுவதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள். மணி ஒன்றாகப் போகிறது. நைட் ஷிஃப்ட் பார்த்த உங்களுக்கு இது நேரம் கெட்ட நேரமாகத் தோன்றாது என்ற தைரியத்தில்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

டார்ச் இன்று பாதிக் கதையில் மங்கிவிட்டது. குரங்கு முதலையின் முதுகில் ஏறி ஆற்று நடுவுக்குப் போயிருந்தது. அதற்குள் என் கைகள் இருட்டுக்குள் போய்விட, பாப்பா தடவித் தடவி என் விரல்களைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டாள். சமையலறை இழுப்பறையைக் கிண்டிப் பேட்டரி எடுத்து, டார்ச்சின் பின்மூடியைத் திருகினேன். அங்கே நீங்கள் ஒட்டிய டேப், அதில் உங்கள் கையெழுத்து: ‘என் சொந்தக் காசு. யாரும் எடுக்காதீங்க.’ யாரும் எடுக்கக்கூடாது என்று எழுதி வைத்ததை நீங்களே எடுத்து என்னிடம் கொடுத்தீர்கள்.

விளக்கை அணைத்தால் அவளோடு என் பேச்சும் நின்றுவிடுகிறது என்று ரயிலில் நான் புலம்பியதற்கு மறு வாரமே கொண்டுவந்து நீட்டினீர்கள். “இருட்டைப் பத்தி செக்யூரிட்டிகிட்டக் கேக்காம வேற யார்கிட்டம்மா கேப்பே? அலமாரி மேல வை. வெளிச்சம் உன் கையில விழணும், அவ கண்ணுல விழக்கூடாது.” அன்றிலிருந்து எங்கள் வீட்டில் இருட்டிலும் பேச்சு உண்டு.

சிராங்கூன் பக்கத்துச் சமூக மன்றத்தில் அந்தச் சைகை மொழி வகுப்பின் முதல் நாள் நினைவிருக்கிறதா? ஏன் சேர்ந்தீர்கள் என்று ஆளுக்கு ஒரு வரி எழுதச் சொன்னார் நம் பயிற்றுநர். காது கேளாத அந்தச் சீன இளைஞர் வகுப்பில் ஒருவர் வாயிலிருந்தும் சத்தம் வரக் கூடாது என்பதைப் பலகையில் பெரிதாக எழுதிப்போட்டிருந்தார். நான் ‘அலுவலகத் தேவைக்காக’ என்று எழுதினேன். நீங்கள் எழுதியதைப் படித்து அவர் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். நீங்கள் காவல் பார்த்த காண்டோ அடுக்குமாடியில் குடியிருக்கும் காது கேளாத பெரியவர் தினமும் உங்களைப் பார்த்துக் கையை ஆட்டுவாராம். இரண்டு வருடமாக நீங்களும் சிரித்த முகத்தோடு திருப்பி ஆட்டியிருக்கிறீர்கள். பிறகுதான் தெரிந்ததாம், பாவம், பக்கக் கதவைத் திறந்துவிடச் சொல்லிக் கேட்டிருக்கிறார்.

வாயை மூடிக்கொண்டு இருக்க உங்களால் முடியவே இல்லை. “ஐயோ, தப்பு லா!” என்று நீங்களே சொல்லி, நீங்களே வாயைப் பொத்திக்கொள்வீர்கள். எதையாவது யோசிக்கும்போதெல்லாம் பேனாவைக் கொண்டையில் செருகிக்கொண்டு, பிறகு அதை மேசையெங்கும் தேடுவீர்கள். மூன்றாம் வாரமே பயிற்றுநர் உங்களுக்குப் பெயர் வைத்துவிட்டார்: ஒரு விரலைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோய்க் கொண்டையில் செருகுவது. சல்யூட்தான் என் பெயர் என்று நீங்களாக வைத்துக்கொண்டதை அவர் ஏற்கவே இல்லை.

அன்றுதான் நானும் என் தவற்றைச் செய்தேன். வீட்டில் கண்ணாடி முன் நின்று பாப்பாவுக்கு நானே ஒரு சைகைப் பெயர் உண்டாக்கி வைத்திருந்தேன். கன்னத்தில் பூ மலர்வது போல. அதைச் செய்து காட்டினேன். பெற்றவள் பெயர் வைப்பதில் என்ன தப்பு இருக்கப்போகிறது? அவர் மெதுவாகத் தலையசைத்துவிட்டுப் பலகையில் எழுதினார்: இந்த மொழியில் பெயரைக் காது கேளாதவர் ஒருவர்தான் தர வேண்டும், அதுவும் ஆளைப் பார்த்துப் பழகியபிறகு. கீழே ஒரு கேள்வி: இந்தக் குழந்தை யார்? அவளுக்குக் காது கேளாதா?

‘தோழியின் குழந்தை’ என்று எழுதினேன்.

வகுப்பு முடிந்து தேக்கா உணவங்காடியில் தேநீர் வாங்கி வந்து எதிரில் உட்கார்ந்தீர்கள். சீனியைக்கூடக் கலக்கவில்லை.

“உன் பிள்ளைதானே?”

நான் என் தேநீரைக் கலக்கிக்கொண்டே இருந்தேன்.

“வகுப்புலதான் பேசக்கூடாது. இங்க பேசலாம்.”

அப்போதுதான் எல்லாம் கொட்டியது. பொங்கோலில் எங்கள் அடுக்குமாடி புளோக்கில் ஒருவருக்கும் சொல்லவில்லை. லிஃப்டில் யாராவது அவளைக் கொஞ்சி, அவள் திரும்பாவிட்டால், ‘கூச்சம்’ என்று சொல்லிவிடுவேன். ஊரிலிருந்து போனில் மாமியார், கையைப் பேச விட்டால் வாய் பேசாது என்கிறார். யாராவது பரிதாபமாகப் பார்த்துவிட்டால் அதைத் தாங்க என்னால் முடியாது. அதனால் விளையாட்டுத் திடலுக்குக்கூட ஆள் இல்லாத நேரமாகப் பார்த்துத்தான் அவளைக் கூட்டிப்போகிறேன்.

ஆறுதலாக ஏதாவது சொல்வீர்கள் என்று பார்த்தேன்.

“படிச்ச பொண்ணு, ஊர்லேருந்து இவ்வளவு தூரம் வந்து குடும்பம் நடத்துறே. அவளுக்குக் காது கேக்காது, சரி. உனக்கு என்ன ஆச்சு? கூச்சம் அவளுக்கா, உனக்கா?”

எனக்குக் கோபம் வந்தது அக்கா. தேநீரைக் குடிக்காமல் எழுந்து போனேன். அன்றிரவு முழுக்க மனதுக்குள் உங்களிடம் சண்டை போட்டேன். விடியும்போது சொல்வதற்கு ஒன்றும் மிச்சமில்லை.

பிறகு நீங்கள்தான் அந்தச் சனிக்கிழமை வகுப்பில் என்னையும் இழுத்துச் சேர்த்தீர்கள், அக்கம்பக்கத்தாரை ஒன்றுசேர்க்கக் கற்றுத்தரும் வகுப்பில். வீட்டுப்பாடம், ஏதாவது ஒரு காரியத்துக்குப் பத்துப் பேரைக் கூட்டுவது. “உன் புளோக்குதான், உன் பிள்ளைதான். பத்துப் பேருக்கு இருபது சைகை. முடிஞ்சுது” என்றீர்கள். நான் மாட்டேன் என்றேன். சரி, நீங்களே போய்க் கதவைத் தட்டுங்கள், நான் வீட்டில் இருக்கிறேன் என்று இறங்கி வந்தேன். “அது செல்லாது. தேவை யாருக்கோ அவங்கதான் கதவைத் தட்டணும்னு பாடத்துல இருக்கு. நான் கூட நிப்பேன். வாயே திறக்க மாட்டேன்.”

நீங்கள் வாய் திறக்காமல் நின்றது வாழ்க்கையில் அந்த ஒரு நாள்தான். எதிர்வீட்டு மலாய் அம்மாவின் கதவு முதலில். மக்சிக், மலாயில் அத்தை, என்றுதான் அவரை எல்லாரும் கூப்பிடுவோம். கதவு திறந்ததும் மனப்பாடம் செய்துவந்த ஆங்கிலம் எல்லாம் மறந்து, “என் மகளுக்குக் காது கேட்காது” என்று மட்டும் சொன்னேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“தெரியுமே” என்றார். “போன வருஷமே தெரியும். அவளைப் பார்த்தா நான் கூப்பிட மாட்டேன், முன்னால வந்து கை ஆட்டுவேன். நீ கவனிச்சதில்லையா?”

நான் கவனித்ததில்லை. அவர் கை ஆட்டும்போதெல்லாம் லிஃப்ட் கதவை மூடும் பொத்தானைத்தான் அழுத்திக்கொண்டிருந்திருக்கிறேன். திரும்பி உங்களைப் பார்த்தேன். நீங்கள் கூரையைப் பார்த்துக்கொண்டு, கொண்டையில் பேனாவைத் தேடிக்கொண்டிருந்தீர்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கீழ்த்தளத்துக் கல்மேசைகளைச் சுற்றிப் பதினோரு பேர். பயிற்றுநரும் பொங்கோல் வரை வந்தார். தண்ணீர், லிஃப்ட், விளையாடு, பொறு, அம்மா எங்கே. பாப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. இத்தனை பேர் கையால் பேசி அவள் பார்த்ததே இல்லை. ஒவ்வொருவரிடமும் ஓடி, முழங்கையைத் தட்டி, அவர்கள் திரும்பியதும் ‘தண்ணீர்’ என்றாள். யாருக்கும் தண்ணீர் தேவைப்படவில்லை. அவள் சொன்னது புரிகிறதா என்று பார்த்தாள். பயிற்றுநர் அரைமணி நேரம் அவளையே கவனித்தார். பிறகு அவள் முன் மண்டியிட்டு, தன் முழங்கையை இரண்டு முறை தட்டி, அவளைச் சுட்டினார். அவளும் தன் முழங்கையை இரண்டு முறை தட்டித் தன்னைச் சுட்டினாள். நான் வைத்த பூவை விட அது அவளாகவே இருந்தது. நீங்கள் மூக்கைச் சிந்திக்கொண்டே, “பேரு வச்சாச்சு, சர்க்கரை எங்க லா?” என்று கேட்டீர்கள்.

சூப்பர்வைசர் தேர்வில் இரண்டு முறை தோற்றிருந்த நீங்கள் அதற்காகப் படிக்கும் முறை பற்றிய வகுப்புக்கும் போனீர்கள். அங்கே கற்ற ஒரு வரியை என்னிடம் நூறு முறையாவது சொல்லியிருப்பீர்கள். “தெரிஞ்சதை மொதல்ல எழுது. தெரியாததுக்கு இடம் விட்டு வை. இடம் விடாம ஒக்காந்து யோசிச்சா மணி அடிச்சிடும்.” மூன்றாம் முறை தேறினீர்கள். தேறிய அன்று மெசேஜில் இருபது பட்டாசுப் படம். நான் மறுநாள்தான் வாழ்த்தினேன். “பாத்துட்டு நீல டிக் மட்டும் போடாதேம்மா, பதில் போடு” என்று திட்டினீர்கள்.

இனி எழுதப்போவதற்காகத்தான் இந்த மடலே. கடைசியாக ஒரு வீடியோ அனுப்பினீர்கள், பாப்பாவுக்கு. முழங்கையை இரண்டு முறை தட்டி அவளைக் கூப்பிட்டு, ஞாயிற்றுக்கிழமை தேக்காவுக்கு வருகிறாயா, தோசை சாப்பிடலாம் என்று சைகையில் கேட்டிருந்தீர்கள். தோசைக்குச் சைகை தெரியாமல், மாவு ஊற்றி வட்டமாகத் தேய்த்துக் காட்டினீர்கள். பாப்பா பத்து முறை பார்த்தாள். நானும் சைகையிலேயே பதில் அனுப்ப நினைத்தேன். தப்பில்லாமல் அனுப்ப வேண்டுமே! கண்ணாடி முன் பழகினேன். ‘வருகிறோம்’ சரியாக வரவில்லை. நாளைக்கு எடுக்கலாம் என்றேன். மறுநாளும் அப்படியே. நான்காம் நாள் உங்கள் தங்கை போன் செய்தார். தூக்கத்திலேயே என்றார்.

உட்லண்ட்ஸில் உங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் உங்களைக் கிடத்தியிருந்தார்கள். உங்கள் காண்டோ பெரியவர் தனியாக வந்து நின்றார். யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. ஒரு விரலைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோய்ச் செருகிவிட்டு, கும்பிட்டார். என் இடுப்பிலிருந்த பாப்பாவும் தன் குட்டை முடியில் விரலைச் செருகினாள். பிறகு என் முகத்தைப் பார்த்து, எங்கே என்று கேட்டாள். உங்களைத்தான் காட்டினேன். இல்லை என்று தலையாட்டினாள்.

நன்றி என்று ஒரு சொல் எழுதினால் நீங்கள் சிரிப்பீர்கள். இருந்தாலும் எழுதுகிறேன். இப்போது லிஃப்டில் எங்களுக்காகத் திறக்கும் பொத்தானை அழுத்திப் பிடித்துக் காத்திருப்பது மக்சிக். திடலுக்கு ஆள் இருக்கும் நேரத்தில்தான் போகிறோம். புதிதாகக் குடிவந்தவர்களின் கதவையும் நான்தான் தட்டுகிறேன். ஒவ்வொரு முறையும் பக்கத்தில் நீங்கள் வாய் திறக்காமல் நிற்பதாக நினைத்துக்கொண்டு தட்டிவிடுவேன்.

இன்று டார்ச்சை மறுபடி ஏற்றியதும் பாப்பா குரங்கை மறந்துவிட்டாள். தலைக்குப் பின்னால் விரலைச் செருகி, தோசை தேய்த்து, எப்போது என்று கேட்டாள். பதில் தெரியவில்லை. தெரிந்ததை முதலில் செய்தேன். அந்த வெளிச்சத்திலேயே, பழகாமல், ஒரே தடவையில், அவளும் நானும் வீடியோ எடுத்து உங்கள் எண்ணுக்கு அனுப்பிவிட்டோம். ‘வருகிறோம்’ இப்போதும் தப்பாகத்தான் வந்திருக்கிறது. ஒரு டிக் மட்டும் விழுந்திருக்கிறது.

தெரியாததுக்கு இடம் விட்டு வைத்திருக்கிறேன். சீக்கிரம் பதில் போடுங்க, அக்கா.