எல்லை தாண்டும் சனிக்கிழமைகள்

எஷ், லக்சம்பர்க்
6 மார்ச் 2023

அன்பு அத்தைக்கு,

சுசெட் எழுதுகிறேன். முழங்கால் வலி எப்படி இருக்கிறது? குளிர் குறைந்ததும் கோழிகள் முட்டையிட ஆரம்பித்தனவா? கல்யாணமான கையோடு உங்கள் பிள்ளை ஆர்மிந்தோ வேலைக்கு இங்கே வந்துவிட்டான். அவன் என்னை அழைத்துக்கொள்ளும் வரை இரண்டு வருடமும் உங்கள் வீட்டில் நீங்கள் என்னைத் திட்டிக்கொண்டே பார்த்துக்கொண்டீர்கள். இங்கே திட்ட ஆளில்லாமல் காது சும்மா இருக்கிறது.

நான் வந்து ஐந்து மாதம் ஆகிவிட்டது. மூன்றாவது மாடி வீடு. மேலே கீழே எல்லாம் நம் நாட்டுக்காரர்கள். பஸ்ஸில் கண்ணை மூடிக்கொண்டால் ஷாவெஷ் சந்தைக்குப் போவது போலவே இருக்கும், அவ்வளவு சத்தம். உப்புக் கருவாடு தெருமுனையிலேயே கிடைக்கிறது. ஒடெட் அம்மாவின் ரொட்டிக் கடையில் காலை ஆறு மணியிலிருந்து வேலை. அவர் நல்ல மனுஷி, வாய்தான் கொஞ்சம் அதிகம்.

இந்த நாடு கைக்குட்டை அளவுதான். எந்தப் பக்கம் வண்டியை ஓட்டினாலும் அரை மணியில் வேறு நாடு வந்துவிடும். சனிக்கிழமையானால் ஆர்மிந்தோ என்னை எங்காவது அழைத்துப் போகிறான். ஜெர்மனியில் ட்ரியர் போனோம், எனக்குக் கழுத்துத் துணி வாங்கினான். பிரான்சில் மெட்ஸ் போனோம், காலணி வாங்கினான். பெல்ஜியத்தில் ஆர்லோன் போனோம், வறுத்த உருளைக்கிழங்கு வாங்கித் தந்து ஊட்டியும் விட்டான். ரொட்டிக் கடையில் அடுப்புக் கதவு இடித்து என் வலது மணிக்கட்டில் கட்டுப் போட்டிருக்கிறது, அதனால்தான் ஊட்டினான். எழுத்து கோணலாக இருந்தால் திட்டாதீர்கள்.

பதிலைக் கடை முகவரிக்குப் போடுங்கள். தொலைபேசியில் வேண்டாம். அதை ஆர்மிந்தோ தினமும் வாங்கிப் பார்ப்பான். தப்பாக ஒன்றுமில்லை, எல்லாம் தெரிந்திருக்க வேண்டும் அவனுக்கு.

உங்கள் மருமகள்,
சுசெட்


வில்லரின்யோ
19 மார்ச் 2023

அன்பு மகள் சுசெட்டுக்கு,

முழங்கால் இருக்கிறது, அதனால் வலியும் இருக்கிறது. கோழிகள் எட்டு. முட்டை மூன்றுதான். மற்ற ஐந்தும் உன்னைப் போல வேளாவேளைக்குத் தின்றுவிட்டுக் கதை பேசுகின்றன. ஐந்து மாதத்தில் ஒரே ஒரு கடிதம் போட்டிருக்கிறாய். இதைப் பற்றி நேரில் பேசிக்கொள்கிறேன்.

உன் கடிதத்தை நான்கு முறை படித்தேன். உனக்கு ஒன்று சொல்கிறேன். செத்துப்போன என் வீட்டுக்காரர் அடெலினோ என்னை ஸ்பெயினுக்கு அழைத்துப் போயிருக்கிறார். நம் எல்லை தாண்டினால் வெரின் ஊர் இருக்கிறதே, அங்கே. ஆக்டோபஸ் வாங்கித் தருவார், ஒரு டப்பா மிட்டாய் வாங்கித் தருவார். முதல் தடவை போனது என் கடைவாய்ப் பல் விழுந்த வாரம். இரண்டாம் தடவை, ஆர்மிந்தோவுக்கு முன்னால் வயிற்றில் இருந்தது கலைந்த வாரம். அதுவாகக் கலையவில்லை. அடிக்கிற கைதான் அணைக்கும் என்று என் மாமியார் சொல்வாள். நானும் மிட்டாயைச் சப்பிக்கொண்டு அதை நம்பினேன். ஊரில் எல்லோரும் இடலீனாவுக்குக் கொடுத்து வைத்திருக்கிறது, வெளிநாடெல்லாம் பார்க்கிறாள் என்றார்கள்.

அடுப்புக் கதவு என்று என்னிடம் எழுதாதே. நான் அந்தக் கதவுகளையெல்லாம் பார்த்தவள். ட்ரியருக்கு முன்னால் என்ன நடந்தது? மெட்ஸுக்கு முன்னால்? அவன் என் பிள்ளை, ஆனாலும் நீ எழுது.

உன் அத்தை,
இடலீனா


எஷ்
8 ஏப்ரல் 2023

அன்பு அத்தைக்கு,

உங்கள் கடிதத்தைக் கடையின் மாவு மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து படித்தேன். ஒடெட் அம்மா உள்ளே வந்து பார்த்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டார்.

எழுதுகிறேன். மாடிப்படியில் கீழ்வீட்டுக்காரரோடு சிரித்துப் பேசினேன். வீட்டுக்குள் வந்ததும் காதைச் சேர்த்து அறைந்தான். மூன்று நாள் காதுக்குள் வண்டு பறந்தது. அது ட்ரியர். இப்போதும் இடது காது சரியாகக் கேட்பதில்லை.

வேலையிலிருந்து வர இருபது நிமிடம் தாமதம். குளியலறையிலிருந்து முடியைப் பிடித்து இழுத்து வந்து தரையில் போட்டு, வேலைக்குப் போடும் இரும்பு முனைக் காலணியோடு இடுப்பில் உதைத்தான். அது மெட்ஸ். அங்கே கடையில் முழங்காலிட்டு என் காலைத் தன் மடியில் வைத்து அவனே புதுக் காலணியை மாட்டிவிட்டான். கடைக்காரப் பெண் எனக்குக் கொடுத்து வைத்திருக்கிறது என்றாள். உங்கள் ஊர்க்காரர்கள் சொன்ன அதே வார்த்தை.

ஆர்லோன்தான் கை. தொலைபேசியைத் தரமாட்டேன் என்று ஒரே ஒரு தடவை சொன்னேன். என் கையைக் கதவிடுக்கில் வைத்துச் சாத்தினான். திறந்தான், மறுபடி சாத்தினான். மூன்றாவது முறை எலும்பின் சத்தம் எனக்குக் கேட்டது. அவனுக்கும் கேட்டது, உடனே அழ ஆரம்பித்துவிட்டான். "நீதான் என்னை இப்படிப் பண்ண வைக்கிறே" என்று சொல்லிச் சொல்லி அழுதான். மருத்துவமனையில் நானே அடுப்புக் கதவு என்றேன்.

இப்போதெல்லாம் வெள்ளிக்கிழமை அவன் சிரித்த முகத்தோடு வந்தால்தான் எனக்கு நிம்மதி. சனிக்கிழமை எங்கும் போக வேண்டியதில்லை என்று அர்த்தம். எனக்குப் பயமாக இருக்கிறது, அத்தை. ஒரு நாள் நான் செத்துப்போவேன் என்று தோன்றுகிறது. உங்களைத் தவிர யாருக்கும் தெரியாது. யாரிடமும் சொல்லாதீர்கள். தெரிந்தால் என்னை விடமாட்டான்.

சுசெட்


வில்லரின்யோ
23 ஏப்ரல் 2023

அன்பு மகளே,

படித்துவிட்டு இரண்டு நாள் அடுப்பு மூட்டவில்லை. அவனைப் பெற்ற வயிறு என்று என் வயிற்றிலேயே அடித்துக்கொண்டேன்.

மகளே, நான் சொல்வது உனக்குப் பிடிக்காது. ஆகஸ்ட் வரை பொறுத்துக்கொள். விடுமுறைக்கு எல்லோரும் ஊருக்கு வருவார்கள், அவனும் வருவான். முகத்துக்கு முகம் பார்த்து நான் பேசுகிறேன். அவன் கெட்டவன் இல்லை. அப்பனைப் பார்த்து வளர்ந்தவன். அது வரை அவனுக்கு எதிராகப் பேசாதே, தொலைபேசியைக் கேட்டால் கொடுத்துவிடு.

போன வாரம் பாத்திமா மாதா கோவிலுக்குப் பஸ் போனது. உனக்காக வேண்டிக்கொண்டு ஒரு மெழுகுக் கையும் ஒரு மெழுகுக் காதும் வாங்கி நெருப்பில் போட்டேன். கை சீக்கிரம் உருகியது. காதுதான் நேரம் எடுத்தது. பக்கத்தில் ஒருத்தி மெழுகு இதயம் போட்டாள். அவள் கதை என்னவோ.

நம் கோவிலிலும் ஞாயிறு பூசைக்கு பாதிரியார் வாசித்து வேண்டிக்கொள்ளும்படி உன் பெயரில் பூசைக் கருத்து எழுதிக் கொடுத்தேன். பயப்படாதே, யார் செய்தது என்று சொல்லவில்லை. லக்சம்பர்க்கில் இருக்கும் என் மருமகள் சுசெட்டின் கையும் காதும் குணமாக வேண்டும், அந்த வீட்டில் சமாதானம் வர வேண்டும் என்று மட்டும்தான். பாதிரியார் அழகாக வாசித்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

உன் அத்தை,
இடலீனா


பெல்ஜியம்
29 மே 2023

அத்தைக்கு,

இதை எழுத நான்கு நாள் ஆனது. தாடை எலும்பைக் கம்பி போட்டுக் கட்டியிருக்கிறார்கள். விலா எலும்பு இரண்டு உடைந்திருக்கிறது. குனிந்து எழுத முடியவில்லை.

அந்தப் பூசையை வெளிநாட்டில் இருப்பவர்களுக்காகப் பாதிரியார் இணையத்தில் போடுகிறார் என்பது உங்களுக்கு மறந்துவிட்டதா? லக்சம்பர்க்கில் கட்டட வேலை செய்கிற நம் ஊர் ஆட்கள் அத்தனை பேரும் ஞாயிற்றுக்கிழமை அதைத்தான் பார்க்கிறார்கள். ஊரைப் பார்க்காவிட்டாலும் ஊர்க் கோவிலையாவது பார்க்க வேண்டுமே. ஆர்மிந்தோவின் மேஸ்திரி துலியோ பார்த்திருக்கிறான். அவன் மூன்று வாரம் கழித்து, சாப்பாட்டு நேரத்தில் எல்லோர் முன்னாலும் கேட்டிருக்கிறான்: "என்ன ஆர்மிந்தோ, உன் பொண்டாட்டிக்குக் காதுகூடவா போச்சு? உங்க வீட்ல ஏன்டா சமாதானம் இல்லை?" எல்லோரும் சிரித்திருக்கிறார்கள்.

ஆர்மிந்தோ மத்தியானமே வீட்டுக்கு வந்தான். காலணியைக்கூடக் கழற்றவில்லை.

"எங்கம்மாகிட்ட என்ன சொன்னே?"

நான் வாயைத் திறக்குமுன் இஸ்திரிப் பெட்டியால் முகத்தில் அடித்தான். தாடை அப்போதே போய்விட்டது, பதில் சொல்ல நினைத்தாலும் முடியாது. விழுந்தவளை மிதித்தான். "சொல்லு, சொல்லு" என்று ஒவ்வொரு மிதிக்கும் கேட்டான். என் வாயிலிருந்து ரத்தமும் ஒரு பல்லும்தான் வந்தன. கழுத்தை நெரித்தபோது கண் இருட்டிவிட்டது. விழித்தபோது என் தலை அவன் மடியில் இருந்தது, ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தான். "சனிக்கிழமை பெல்ஜியத்துல டினான் போலாம். ஆத்துல படகு இருக்காம்" என்றான்.

மூன்று நாள் என்னை வீட்டுக்குள் வைத்துப் பூட்டினான். மருத்துவரிடம் போகவில்லை. சனிக்கிழமை என் முகத்தைச் சுற்றி அந்த ட்ரியர் துணியைக் கட்டி வண்டியில் உட்கார வைத்தான். எல்லையில் மார்த்தலாஞ்சில் வண்டியை நிறுத்தினான். அங்கே சாலையின் ஒரு பக்கம் லக்சம்பர்க், மறு பக்கம் பெல்ஜியம். லக்சம்பர்க் பக்கம் பெட்ரோல் விலை குறைவு, நிரப்பாமல் எவனும் எல்லை தாண்டமாட்டான். நிரப்பிவிட்டு சிகரெட் வாங்க உள்ளே போனான். வரிசை நீளமாக இருந்தது.

நான் கதவைத் திறந்து சாலையைக் கடந்தேன். ஓட முடியவில்லை, நடந்தேன். ஒரு லாரிக்காரன் ஹாரன் அடித்துத் திட்டினான். எதிரில் இருந்தது ஒரு பெண்கள் முடிதிருத்தும் கடை. உள்ளே போய்த் துணியை அவிழ்த்தேன். கடைக்காரி என் முகத்தைப் பார்த்தாள். கதவைப் பூட்டி இரும்புத் திரையை இறக்கிவிட்டாள். தலையில் சாயம் பூசிக்கொண்டு உட்கார்ந்திருந்த கிழவி ஒருத்திதான் போலீசைக் கூப்பிட்டாள். அவன் வந்து திரையை உதைத்தான். அழுதான், கெஞ்சினான், பிறகு கல்லை எடுத்து அடித்தான். போலீஸ் வரும் வரை அந்தத் திரை நடுங்கிக்கொண்டே இருந்தது. கிழவி என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். சாயம் ஒழுகி அவள் நெற்றியெல்லாம் கறுப்பு.

வழக்கு இருக்கிறது. அது முடியும் வரை அவன் வெளியேதான் இருப்பானாம், என்னை நெருங்கக் கூடாதாம். நான் பெண்களுக்கான ஒரு காப்பகத்தில் இருக்கிறேன். முகவரியை யாருக்கும் தரக் கூடாது என்றார்கள். உங்களுக்குப் பின்பக்கம் எழுதியிருக்கிறேன்.

உங்கள் மேல் எனக்கு அடங்காத கோபம், அத்தை. யாரிடமும் சொல்லாதீர்கள் என்றேன், நீங்கள் சாமியிடம் ஒலிபெருக்கியில் சொன்னீர்கள். ஆகஸ்ட் வரை பொறு என்றீர்கள். அப்படியும் எனக்கு வேறு யார் இருக்கிறார்கள்? ஒன்று மட்டும் கேட்கிறேன், சுற்றி வளைக்காமல் எழுதுங்கள். நீங்கள் யார் பக்கம்?

சுசெட்


ஷாவெஷ், மருத்துவமனை
11 ஆகஸ்ட் 2023

என் மகளே,

இரண்டு மாதமாக உனக்குப் பதில் போடவில்லை. கேள்வி அப்படி. தினமும் பேனாவை எடுப்பேன், வைத்துவிடுவேன். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்று தெரிந்தவள், ஊர் வாயில் நானே உன்னைக் கொண்டுபோய்ப் போட்டேன். என்னை மன்னித்துவிடு என்று எழுதவும் வெட்கமாக இருந்தது.

ஆறாம் தேதி அவன் வந்தான். வாசலில் வண்டிச் சத்தம் கேட்டதும் உன் கடிதத்தை அடுப்பில் போட்டேன். கறிச்சூப்பு ஊற்றிக் கொடுத்தேன், இரண்டு கிண்ணம் குடித்தான். பேசுகிறேன் என்று உனக்குச் சொல்லியிருந்தேனே, பேசினேன். "டேய், உங்கப்பா எனக்குப் பண்ணினதெல்லாம் நீ பாத்தவன்தானே. எதுக்குடா அதையே பண்றே?" என்றேன். அவன் காதில் அது ஏறவே இல்லை.

"அவ எங்கேம்மா?"

"தெரியாது."

"உனக்குத் தெரியும். உனக்குத்தான் அவ எழுதுவா."

கொல்லைக்குப் போய் ஒரு கோழியைக் கையில் தூக்கி வந்தான். என் முன்னால் கழுத்தைத் திருகிப் போட்டான். மறுபடி கேட்டான், மறுபடி ஒன்று. ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு கோழி. எட்டும் முடிந்ததும் என்னிடம் வந்தான். முதல் அடி காதில். அப்பன் அடித்த அதே இடம், அதே கை. நாற்காலியோடு விழுந்தேன். தோள் எலும்பு முறிந்தது. முறிந்த தோளின் மேல் முழங்காலை வைத்து அழுத்தினான். எழுபத்தோரு வயதில் நான் அப்படிக் கத்துவேன் என்று எனக்கே தெரியாது.

உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். கடிதம்தான் எரிந்தது, முகவரி மனதில் இருந்தது. தெருப் பெயர், வீட்டு எண், எல்லாம். அவன் அழுத்த அழுத்த அது நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. இன்னும் கொஞ்சம் அழுத்தியிருந்தால் சொல்லியிருப்பேன். பக்கத்து வீட்டு அண்ணனும் தம்பியும் மண்வெட்டியோடு உள்ளே வந்ததால் நீ தப்பித்தாய். என் வீரத்தால் இல்லை.

காவலர்கள் வந்தார்கள். சின்ன வயதுப் பெண் ஒருத்தி என் பக்கத்தில் உட்கார்ந்து, "என்னம்மா ஆச்சு?" என்றாள். விழுந்துட்டேன் என்று முப்பது வருடம் சொன்ன வாய் இது. அந்த வார்த்தை வாய் வரைக்கும் வந்துவிட்டது. "என் பையன் அடிச்சான். மருமகளையும் இவன்தான் அடிச்சான். அவ எனக்கு எழுதினதெல்லாம் எனக்கு மனப்பாடம், எழுதிக்கோ" என்றேன். ஆறு பக்கம் எழுதினாள். இடது கையால் கையெழுத்துப் போட்டேன், இதையும் அந்தக் கையால்தான் எழுதுகிறேன்.

அவனை வண்டியில் ஏற்றும்போது "அம்மா" என்று கத்தினான். குழந்தையில் அம்மை போட்டபோது கூப்பிட்ட அதே குரல். நான் திரும்பிப் பார்க்கவில்லை. வயிறு எரிந்தது, இன்னும் எரிகிறது. நான் யார் பக்கம் என்று கேட்டாயே, இதுதான் பதில். சந்தோஷமாகச் சொல்கிறேன் என்று நினைத்துவிடாதே.

அவனை எத்தனை நாள் உள்ளே வைப்பார்கள் என்று தெரியாது. எப்போது வெளியே வந்தாலும் முதலில் என் வீட்டுக்குத்தான் வருவான், அவனுக்கு வேறு வீடு இல்லை. நானும் கதவைத் திறப்பேன், அதுவும் எனக்குத் தெரியும். அதனால் அந்தக் காப்பகத்திலிருந்து வேறு ஊருக்குப் போய்விடு. எந்த நாடு என்றுகூட எனக்கு எழுதாதே. ஒடெட் அம்மாவிடமும் சொல்லாதே, அவள் எனக்குச் சொல்லிவிடுவாள், நான் கேட்காமல் இருக்க மாட்டேன்.

இந்தக் கடிதத்துக்குப் பதில் போடாதே, மகளே. எனக்குத் தெரியாததை என்னிடமிருந்து யாராலும் அடித்து வாங்க முடியாது.

இடலீனா