கறுப்பு அம்பாசிடர் படத்துக்குக் கீழே எழுதியது

அன்புள்ள மாப்பிள்ளை கலியமூர்த்திக்கு,

கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். வரி நேராகத்தான் ஆரம்பிக்கிறது, வலப்பக்கம் போகப் போகக் கீழே இறங்கிவிடுகிறது. ‘ழ’வுக்கு நான் போடுகிற வால் அடுத்த வரியின் தலையில் இடிக்கிறது. ஒரு பக்கம் எழுத இரண்டு நாள் ஆகிறது. விரல் வலித்தால் எழுந்து போய் உளுந்து வயலைப் பார்த்துவிட்டு வந்து மறுபடி உட்காருகிறேன். அச்சில் வரும்போது எல்லா எழுத்தும் ஒழுங்காக நின்றுவிடுமாம். மற்றவர்கள் அப்படிப் படிக்கட்டும். இந்தக் கோணல் உங்களுக்கு.

ஆமாம் மாப்பிள்ளை, எனக்கு எழுத்து வந்துவிட்டது. எழுபத்தொரு வயதில்! ஆனி மாதத்திலிருந்து எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சாயங்காலம் பெரியவர்களுக்கு வகுப்பு நடக்கிறது. பத்துப் பெண்கள், நான் ஒருவன். இத்தனை நாளும் எண்ணைப் பார்த்து பஸ் ஏறினவன், இப்போது பெயரைப் படித்துவிட்டு ஏறுகிறேன். திருக்காட்டுப்பள்ளி என்பது இவ்வளவு நீளமான பெயர் என்று தெரியாமலே ஆயுசு முழுக்க அங்கே போய் வந்திருக்கிறேன். உர மூட்டை, மாத்திரை அட்டை, கல்யாண பேனர், எதையும் விடுவதில்லை. கூட நடந்து வருகிறவர்களுக்குத்தான் கஷ்டம்.

இதை முதலில் உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும். என்ன சொல்லியிருப்பீர்கள்?

இப்போது எழுதுவதற்குக் காரணம் ஒரு படம். நீங்கள் போய் வருஷம் திரும்புகிறது. உங்களோடு ஞாயிற்றுக்கிழமைகளில் கார் படம் எடுத்தவர்கள், நீங்கள் எடுத்த படங்களை ஒரு சின்னப் புத்தகமாகப் போடுகிறார்கள். கறுப்பு அம்பாசிடர் படத்துக்கு மட்டும் என்னை நாலு வரி எழுதச் சொன்னார்கள், அன்றைக்கு உங்களோடு இருந்தவன் என்பதால். எழுத உட்கார்ந்தேன். நாலு வரியில் நிற்கவில்லை.

படிக்கிறவர்களில் உங்களைத் தெரியாதவர்களும் இருப்பார்கள். நீங்கள் என் தங்கை மல்லிகாவைக் கட்டியவர், திருக்காட்டுப்பள்ளியில் கார் டிங்கர் பட்டறை வைத்திருந்தவர். இடிபட்டு நசுங்கின தகட்டைத் தட்டி நிமிர்த்துகிற வேலை. எவ்வளவு நசுங்கியிருக்கிறது என்று வெளியூரில் இருக்கிற கார்க்காரருக்குக் காட்டத்தான் முதலில் ஒரு பழைய கேமரா வாங்கினீர்கள். உச்சி வெயிலில் எடுத்தால் நெளிவு படத்தில் விழவில்லை. காலை வெளிச்சம் பக்கவாட்டில் வரும்போது எடுத்தால் ஒவ்வொரு நெளிவும் விழுந்தது. அதைக் கண்டுபிடித்ததிலிருந்து, நெளிவே இல்லாத கார்களையும் எடுக்க ஆரம்பித்துவிட்டீர்கள். அங்கே பிடித்த பைத்தியம்.

அப்புறம் தஞ்சாவூரிலிருந்து உங்களை மாதிரியே நாலு பேர் சேர்ந்துகொண்டார்கள். பல் டாக்டர் நஜீம், டைல்ஸ் கடைக்காரர், காலேஜில் பாடம் எடுக்கிற அம்மா, அவர் வீட்டுக்காரர். விடிந்ததும் காவிரிக் கரை ரோட்டில் கார்களைக் கழுவித் துடைத்து நிறுத்துவீர்கள். முன்சக்கரத்தைக் கொஞ்சம் ஒரு பக்கமாக ஒடித்து வைப்பீர்கள். நின்றபடி எடுத்தால் கார் பொம்மை மாதிரி ஆகிவிடும், ஹெட்லைட் உயரத்துக்குக் குனிய வேண்டும் என்று சொல்லி, பெரிய மனிதர்கள் எல்லாரும் தார் ரோட்டில் முட்டி போட்டிருப்பீர்கள். பளபளக்கிற கதவில் எடுப்பவரின் உருவம் விழக் கூடாது என்று எல்லாருக்கும் கறுப்புச் சட்டை. அங்கே நான் வெள்ளை வேட்டியோடு வந்து நிற்பேன்.

“மச்சான், உங்க வேட்டி கதவுல விழுது. தள்ளி நில்லுங்க.”

“எவ்வளவு தூரம் மாப்ள?”

“அந்த வரப்பு வரைக்கும் போங்க.”

“அங்க போனா நான் படத்துலயே இருக்க மாட்டேனே.”

“அதுதாங்க வேணும்!”

எல்லாரும் சிரிப்பார்கள். நான்தான் அதிகமாகச் சிரிப்பேன்.

பிறகு உங்கள் வலது கை நடுங்க ஆரம்பித்தது. முதலில் சுத்தியல் நின்றது, பிறகு பட்டறை. நரம்பு நோய், மெதுவாகக் கூடும் என்று நரம்பு டாக்டர் சொல்லிவிட்டார். கொட்டிவிடக் கூடாது என்று மல்லிகா உங்களுக்குக் காபியை அரை டம்ளர்தான் ஊற்றுவாள். அதைப் பார்க்காத மாதிரி நீங்கள் வாங்கிக்கொள்வீர்கள். நின்றிருக்கிற காரை, கேமராவை ஸ்டாண்டில் பொருத்தி எடுத்துச் சமாளித்தீர்கள். ஓடுகிற காரைத்தான் முடியவில்லை.

அதுதான் உங்களுக்கு உயிர். கார் போகிற வேகத்துக்கே கேமராவையும் திருப்பிக்கொண்டு போய், ஷட்டரை மெதுவாக வைத்து அமுக்க வேண்டும். அப்படி எடுத்தால் கார் மட்டும் தெளிவாக இருக்கும், பின்னால் உள்ள மரமெல்லாம் கோடு கோடாக ஓடும். கை ஒரு நூல் மேலே கீழே போனாலும் எல்லாம் கலங்கிவிடும்.

போன தை மாதம். சம்பா அறுவடை முடிந்து, ரோட்டில் பாதி அகலத்துக்கு நெல் காய்ந்துகொண்டிருந்தது. என் நெல்லும் அதில் இருந்தது. மற்றவர்கள் பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்ததால், டாக்டர் நஜீம் மட்டும் வந்திருந்தார். மீதிப் பாதி ரோட்டில் தன் வாப்பா காலத்துக் கறுப்பு அம்பாசிடரை ஓட்டினார். முப்பது கிலோமீட்டர் வேகம், கூடாமல் குறையாமல். நெல்லில் சக்கரம் ஏறிவிடக் கூடாதே என்று கண்ணை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்பவில்லை. போவார், தூரத்தில் திருப்பிக்கொண்டு வருவார். நீங்கள் எடுத்தது ஒவ்வொன்றும் கலங்கியது. கடைசியில் கேமராவை என் பக்கம் நீட்டினீர்கள்.

“நீங்க எடுங்க மச்சான்.”

“நானா? இதுல எந்தப் பக்கம் பாக்கணும்னே தெரியாது.”

“யூரியா தெளிப்பீங்கல்ல? அப்ப கையை மட்டுமா வீசுவீங்க?”

“இடுப்பும் சேந்து திரும்பும்.”

“அதேதான். காலை நல்லா ஊணிக்குங்க, இடுப்புலேருந்து திரும்புங்க. முன்கதவுக் கைப்பிடியவே பாருங்க, வேற எதையும் பாக்காதீங்க. அமுக்கினதும் நின்னுடாதீங்க. கார் போற வரைக்கும் கூடவே போங்க.”

பின்னால் நின்று என் தோளைப் பிடித்துக்கொண்டீர்கள். உங்கள் கை ஆடுவது எனக்குத் தெரிந்தது. தோள் ஆடாமல் நின்றால் போதும் என்று மட்டும் நினைத்தேன். முதல் தடவை வானம் விழுந்தது. இரண்டாவது தடவை பாதிக் கார். மூன்றாவது தடவை விழுந்துவிட்டது மாப்பிள்ளை! கைப்பிடி, கண்ணாடி, டாக்டரின் தாடி, எல்லாம் தெளிவு. கீழே நெல் மஞ்சள் கோடாகவும் மேலே தென்னை பச்சைக் கோடாகவும் ஓடின. கிளினிக்கில் ஆள் காத்திருந்ததால் டாக்டர் நிற்காமல் அப்படியே போய்விட்டார். நீங்கள் கேமராவின் சின்னத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

வீட்டுக்கு வந்தோம். மல்லிகா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தாள்.

“இது யாரு எடுத்தது?”

“நான்தான்” என்றீர்கள்.

“கை ஆடலயா?”

“இன்னிக்கு ஆடல.”

என் தங்கையின் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். பல மாதமாகப் பார்க்காத முகம். உடனே டாக்டர் நஜீமுக்கு ஃபோன் போட்டாள், கத்தாரில் இருக்கிற மகனுக்குப் போட்டாள். “உங்கப்பா கையால எடுத்தது, கைநடுக்கம்னு ஊரே சொல்லுச்சே” என்றாள். நீங்கள் என் பக்கம் திரும்பவில்லை.

எனக்குக் கோபம் வந்தது. வயல் வேலையைத் தவிர வேறு எதையும் நான் நன்றாகச் செய்ததாக யாரும் சொன்னதில்லை. ஒன்றே ஒன்று விழுந்தது, அதையும் மாப்பிள்ளை எடுத்துக்கொண்டார் என்று நினைத்தேன். காபி வருவதற்கு முன்பே எழுந்து வந்துவிட்டேன்.

அப்புறம் நான் உங்கள் வீட்டுப் பக்கமே வரவில்லை. மூன்று முறை ஃபோன் செய்தீர்கள். வயலில் இருப்பதாக என் மருமகளைச் சொல்லச் சொன்னேன். மூன்றாவது முறை அவள் ஃபோனைக் கையால் பொத்திக்கொண்டு, “மாமா, அவரு குரலே சரியில்ல. ஒரு வார்த்தை பேசிடுங்களேன்” என்றாள். நான் தலையை ஆட்டி மறுத்துவிட்டேன். அந்த வாரமே உங்களுக்கு நெஞ்சில் சளி கட்டி ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். செய்தி கேட்டு நான் பஸ் பிடித்து வந்தபோது மதியம். உங்களை வீட்டுக்குக் கொண்டுவந்து கிடத்தியிருந்தார்கள். வலது கை ஆடவே இல்லை. அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

சித்திரையில் தஞ்சாவூரில் ஒரு மண்டபத்தில் உங்கள் படங்களை மாட்டி வைத்தார்கள். அந்தப் படம்தான் நடுவில், பெரிதாக இருந்தது. கீழே ஒரு அட்டையில் ஏதோ எழுதியிருந்தது. ஒவ்வொருவரும் குனிந்து படித்துவிட்டுத் தலையாட்டினார்கள். என்ன எழுதியிருக்கும் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அதை என் கண்ணால் படிக்க வேண்டும் என்று இருந்தது. அதற்காகத்தான் வகுப்பில் சேர்ந்தேன். படிப்பின் மேல் ஆசைப்பட்டுச் சேரவில்லை. நீங்கள் போன பிறகும் என் கோபம் போகவில்லை. அதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

போன மாதம் டாக்டர் நஜீம் புத்தகத்தின் மாதிரித் தாள்களை உங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தார். நானும் இருந்தேன். அந்தப் படத்துக்குக் கீழே விரல் வைத்துப் படித்தேன். ‘படம்: கலியமூர்த்தி.’ ‘மூர்’ வரைக்கும் வந்து கொஞ்சம் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு முடித்தேன். “ஐயா படிச்சிட்டாங்களே!” என்று டாக்டர் கை தட்டினார். கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன், வரவில்லை. உங்கள் பெயரை நான் படித்தது அதுதான் முதல் தடவை. விரலை அங்கிருந்து எடுக்க மனம் இல்லை.

டாக்டர் காரில் எதையோ எடுக்க வெளியே போனார். மல்லிகா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தலையைத் தூக்காமலே கேட்டாள்.

“அண்ணே, அது நீங்க எடுத்த படந்தானே?”

“உனக்கு யாரு சொன்னா?”

“யாரு சொல்லணும்? தெனம் அவரு சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டது நான். அந்தக் கை எடுத்த படமா அது?”

“அப்ப ஏன் அன்னிக்கே கேக்கல?”

“நான் சந்தோஷப்படணும்னு சொன்னாரு. நானும் நம்புன மாதிரி இருந்துட்டேன். நம்புனேன்னு காட்டணுமேன்னு அன்னிக்கு முழு டம்ளர் காபி ஊத்திக் குடுத்தேன். சட்டையெல்லாம் கொட்டிக்கிட்டு, சூடு ஜாஸ்தின்னு சொன்னாரு. நீங்க அதுக்குள்ள எந்திரிச்சுப் போயிட்டீங்க.”

அவள் கீரையைத் தட்டில் ஒதுக்கிவிட்டுச் சொன்னாள்.

“மச்சான் வரட்டும், உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்னு சொல்லிக்கிட்டே இருந்தாரு. என்னான்னு கேட்டா, மச்சானை வச்சுக்கிட்டுதான் சொல்லணும்னாரு. அதுக்குத்தாண்ணே அத்தனை தடவை ஃபோன் பண்ணுனாரு.”

அவள் என்னைக் குற்றம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

மாப்பிள்ளை, நீங்கள் ஒரு பொய் சொன்னீர்கள். அதை என் முன்னாலேயே திருப்பி எடுத்துக்கொள்ளப் பார்த்தீர்கள். வராமல் இருந்தது நான். ஒரே ஒரு தடவை வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? நீங்கள் சொல்லியிருப்பீர்கள். “தெரியுமே” என்று அவள் சொல்லியிருப்பாள். மூன்று பேரும் சிரித்திருப்போம். உங்களுக்கு இருந்த அந்தக் கொஞ்ச நாளில் இன்னும் நாலு ஞாயிற்றுக்கிழமை அந்த ரோட்டில் நின்றிருப்போம். சளி கட்டியதைக்கூட நான் முன்னாலேயே கவனித்திருப்பேனோ? இதை யாரிடம் கேட்பது?

டாக்டர் திரும்பி வந்ததும் மல்லிகா எல்லாவற்றையும் அவரிடம் சொல்லிவிட்டாள். படத்துக்குக் கீழே என் பெயரைப் போட வேண்டும் என்றாள். இருக்கிற பெயரே இருக்கட்டும் என்றேன். “அவரே மாத்திச் சொல்லணும்னு இருந்தாருண்ணே, நீங்க என்ன பெரிய மனுஷத்தனம் பண்றீங்க?” என்று அதட்டினாள். டாக்டர் படத்தை இன்னொரு தடவை பார்த்தார். பிறகு பேனாவை என்னிடம் நீட்டி, “ஐயா, நீங்களே எழுதுங்க. நீங்க எழுதுறதுதான் அச்சுல” என்றார்.

மூன்று தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு, நாலாவதில் எழுதினேன். ‘மாப்பிள்ளை சொல்லச் சொல்ல மச்சான் எடுத்தது.’ மல்லிகா அதை வாங்கி இரண்டு தடவை படித்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

இந்தக் கடிதத்தையும் அவளிடம் படித்துக் காட்டினேன். எல்லாவற்றையும் போடச் சொல்லிவிட்டாள், என் கோபத்தையும் சேர்த்து.

நீங்கள் மூன்று முறை கூப்பிட்டீர்கள். இது முதல் முறைக்கு என் பதில். அடுத்த வாரம் உட்கார்ந்து இரண்டாவதுக்கு எழுதுகிறேன். அது புத்தகத்துக்கு இல்லை, உங்களுக்கு மட்டும்.

தாமதமாக வந்து சேர்ந்த,
மல்லிகாவின் அண்ணன், உங்கள் மச்சான்
கோவிந்தராசு